பாடுவதற்கு மட்டும்

பக்கத்து ஊர் இலக்கிய மன்றத்தில் பதினோரு வருடம் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் தொடங்கியது. நாகரசம்பட்டியிலிருந்து அப்பா வண்டியில் கூட்டிப் போவார். வாசலில் பன்னீர் தெளிப்பது, சந்தனக் கிண்ணம் நீட்டுவது, குத்துவிளக்குக்குத் திரி போடுவது, பிறகு பாடுவது. பாடி முடித்ததும் மேடையிலிருந்து இறங்கிவிட வேண்டும். அடுத்த மூன்று மணி நேரம் ஆண்கள் பேசுவார்கள். ஔவையாரைப் பற்றியும்தான்.

எம்.ஏ. தமிழ் முடித்த வருடம், சங்ககாலப் பெண்பாற் புலவர்களைப் பற்றிப் பேசட்டுமா என்று செயலாளரிடம் கேட்டேன். "நீ பாடும்மா, உன் குரலுக்குத்தான் கூட்டமே வருது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே எனக்குப் பதில் வரவில்லை.

இந்தச் சங்கங்கள் எப்படித் தொடங்கின என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1901 இல் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவினார். சொற்பொழிவாற்றப் போன இடத்தில் ஒரு திருக்குறள் பிரதிகூடக் கிடைக்காத வருத்தம்தான் காரணம் என்று சொல்வார்கள். ஏடுகளைத் தேடிச் சேர்த்தார்கள், பதிப்பித்தார்கள், 'செந்தமிழ்' இதழ் நடத்தினார்கள், பண்டிதத் தேர்வு வைத்தார்கள். 1911 இல் தஞ்சையில் கரந்தைத் தமிழ்ச் சங்கம் பிறந்தது. இவர்கள் உழைக்காமல் இருந்திருந்தால் நான் படித்ததில் பாதி கைக்கு வந்திருக்காது. நன்றி கெட்டுப் பேசவில்லை.

ஆனாலும் படித்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். புலவர், பண்டிதர், ஜமீன்தார், வக்கீல். ஒரு பெண் பெயர் வர வெகுநேரம் ஆனது. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். 1938 இல் சென்னையில் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் தந்த பெண்கள் மாநாட்டின் தலைவர் என்று மட்டும் எனக்குத் தெரியும். வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடி அகரவரிசை தொகுத்தவர் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லப்படவில்லை.

தில்லியின் சாகித்திய அகாதெமி 1954 இல் வந்தது. தமிழுக்கு 1955 முதல் விருது. 1973 இல் ராஜம் கிருஷ்ணன், 1984 இல் லக்ஷ்மி, 2005 இல் திலகவதி, 2021 இல் அம்பை. அத்தனை வருடத்துக்கு நாலு பேர். ஒரு கை விரலில்கூட ஒன்று மீதம்.

பாடுவதை நிறுத்திவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பெண்கள் உட்காருகிறோம். மூன்று பேர் ஓசூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போகிறவர்கள்; ஷிப்ட் மாறினால் வர மாட்டார்கள். தூத்துக்குடி உப்பளத்துக்காரர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' வாசித்தோம். "அவங்க ஒண்ணுக்குப் போக எங்க போவாங்க அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் வேலை செய்யும் லைனில் அதற்கு நிமிடக் கணக்கு உண்டாம். அன்றைக்கு மேற்கொண்டு வாசிக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தோம். எம்.ஏ. வகுப்பில் இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

போன மாதம் செயலாளர் போன் செய்தார். ஆண்டு விழாவாம், பாட யாராவது பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கா சார். நல்லாப் பாடுவா. பத்து நிமிஷம் பேசவும் செய்வா. ரெண்டும்னா அனுப்புறேன்."

கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தார். அவள் 'கரிப்பு மணிகள்' பற்றி நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.