அம்மாவின் ஆல்பத்தில் அம்மா எங்கே?

அம்மாவுக்குக் கையால் ஓர் ஆல்பம் செய்து கொடுக்க வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் என் மேசையில் பரப்புவது தங்கள் படங்களைத்தான். மொட்டையடித்துக் காது குத்தியது, பள்ளி ஆண்டு விழாவில் பாரதியார் வேஷம், பட்டமளிப்பு, கல்யாணம். அம்மாவும் அவற்றில் இருக்கிறார். குழந்தையைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு கைகளாக இருக்கிறார். கேக்குக்குப் பின்னால் பாதி முகமாக, வரிசையின் ஓரத்தில் வெட்டுப்பட்ட தோளாக இருக்கிறார். இவற்றை அழகாக வெட்டி, பூ வைத்து, ரிப்பன் கட்டி ஒட்டினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பிள்ளைகள் தங்களைப் பற்றிச் செய்துகொண்ட ஆல்பம். அம்மாவுக்குக் கொடுப்பதாலேயே அது அம்மாவுடையது ஆகிவிடாது.

அதனால் கத்தரியைத் தொடுவதற்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிடுகிறது. “எங்க வீட்ல போட்டோ எடுக்கிறதே அம்மாதாங்க, அதான் அவங்க எதுலயும் இல்ல” என்பார்கள். “அம்மாவுக்கு போட்டோன்னாலே கூச்சம்” என்பார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் தேடினால் கிடைக்கும், வேறு வீடுகளில் தேட வேண்டும், அவ்வளவுதான். மாமா வீட்டு ஆல்பத்தில், கறுப்புத் தாளில் மூலை ஒட்டிப் பொருத்திய பக்கங்களில், பாவாடை தாவணியோடு நிற்பார். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் இரண்டாம் வரிசையில் இருப்பார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக ஸ்டூடியோவில், வரைந்த திரைக்கு முன்னால், ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி எடுத்த படம் பெரும்பாலும் ஏதோ ஒரு சித்தியின் பீரோவில் பத்திரமாக இருக்கும். தட்டச்சு லோயர் பாஸ் பண்ணிய சான்றிதழ் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். தன் அம்மா டைப் அடிப்பார் என்பதே தெரியாத பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

படத்தைவிடக் கையெழுத்து இன்னும் அருமை. கோல நோட்டு, டைரியின் பின்பக்கத்தில் குறித்த ஆவக்காய் அளவு, பால் கணக்கு எழுதிய காலண்டர் தாள், பிறந்த வீட்டுக்கு எழுதிப் போட்ட நீல இன்லண்ட் கடிதம். கடையில் வாங்கும் எந்த அலங்காரத் தாளையும்விட இவைதாம் ஆல்பத்துக்கு உயிர் கொடுக்கும் தாள்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: மூலத்தை வெட்டாதீர்கள். ஸ்கேன் எடுத்து, நகலை வெட்டுங்கள், ஒட்டுங்கள், கிழித்துக்கூடப் பாருங்கள். மூலம் வந்த இடத்துக்கே திரும்பிப் போகட்டும்.

மே மாதம் வந்தால் கூட்டம் கூடும். அன்னையர் தினத்துக்காகப் பாடுபட்ட அன்னா ஜார்விஸை அப்போது நினைத்துக்கொள்வேன். தம் தாயின் நினைவாக 1908 மே 10 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜினியாவில், கிராஃப்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் ஒரு வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார் அவர். 1914இல் அதிபர் உட்ரோ வில்சன் மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறை அன்னையர் தினமாக அறிவித்தார். சில ஆண்டுகளுக்குள் பூக்கடைக்காரர்களும் மிட்டாய்க் கம்பெனிகளும் வாழ்த்து அட்டை அச்சிடுபவர்களும் அந்த நாளை வளைத்துப் போட்டபோது, அதை எதிர்த்துப் பல காலம் போராடியவரும் அதே ஜார்விஸ்தான். அச்சடித்த அட்டை அவருக்கு ஆகவே ஆகாது. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினால் என்ன என்பதுதான் அவருடைய ஆதங்கம். உலகத்து அன்னையரை எல்லாம் பொதுவாகப் போற்றும் விழாவை அவர் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தம்மைப் பெற்ற அந்த ஒருத்தியை நினைக்கும் நாளைத்தான் கேட்டார். காகித வேலை செய்கிற நான் இதில் முழுக்க அவர் பக்கம்.

இனி தாளுக்கு வருகிறேன். மெஷினில் செய்த எந்தத் தாளுக்கும் இழை ஓட்டம் ஒன்று உண்டு. கூழ் ஓடிய திசையில் நார்கள் படுத்துக்கொள்ளும். தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கோடு ஓடும் திசையே இழையின் திசை. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டின் ஒரு பக்கத்தில் ஈரத் துணியால் தடவுங்கள். தாள் குழலாகச் சுருளும், குழல் நீளும் திசைதான் இழை. வாழ்த்து அட்டையின் மடிப்பில் வண்ணம் வெடித்து வெள்ளைக் கோடு தெரிவதும், ஆல்பப் பக்கம் புரட்டப் புரட்ட முரண்டு பிடிப்பதும் இழைக்குக் குறுக்கே மடித்ததால்தான். ஆல்பத்தில் இழை எப்போதும் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அட்டைக்கு 220 முதல் 250 ஜிஎஸ்எம் போதும். மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஓர் அழுத்துக் கோடு போட்டுவிடுங்கள். தனிக் கருவி வாங்க அவசியமே இல்லை.

வகை வகையான தாளுக்குச் சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவைச் சுற்றினால் போதும். கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே தாள் கடைகள் இருக்கின்றன. ஆனால் கண்ணுக்கு அழகாக இருப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டாம். மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும். செய்தித்தாள் பழுப்பேறுவது அதனால்தான். அமிலமும் சேர்ந்தால் தாள் நொறுங்கும், மேலே ஒட்டிய படத்தையும் கெடுக்கும். ‘ஆசிட் ஃப்ரீ’ என்று கேட்டு வாங்குங்கள், அல்லது பருத்தித் தாள் வாங்குங்கள். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் 1959இல் தொடங்கிய கைத்தாள் பட்டறையில் பருத்தித் துணிக் கழிவிலிருந்துதான் தாள் செய்கிறார்கள். பருத்தியில் லிக்னின் கிட்டத்தட்ட இல்லை. கையால் அள்ளிச் செய்வதால் இழை ஓட்டமும் அவ்வளவாகத் தெரியாது, எந்தப் பக்கமும் மடங்கிக் கொடுக்கும். ஓரத்தில் வெட்டாத பிசிர் இருக்கும், அதை வெட்டிவிடாதீர்கள். அம்மாக்கள் அந்த ஓரத்தைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறார்கள்.

நம் ஊரில் இந்தக் கலையின் பாதித் தலைவலி பசை. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் தாள் விரிகிறது, காய்ந்ததும் சுருங்குகிறது, அலை அலையாக நிற்கிறது. தாராளமாகத் தடவுவதுதான் பலம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மெல்லிய படலம்தான் நன்றாகப் பிடிக்கும். ஓரம் வரை ஒரே சீராகத் தடவி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, கனமான புத்தகங்களை ஏற்றி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு இரவு. மைதாப் பசையை நான் மிகவும் விரும்புவேன்: ஒரு கரண்டி மைதாவுக்கு ஐந்து கரண்டி தண்ணீர், கட்டி விழாமல் கரைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை சிறு தீயில் கிளற வேண்டும். அட்டையில் துணி ஒட்ட இதற்கு ஈடு கிடையாது. ஆனால் மாவு என்றால் வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. அதற்காகத்தான் பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். துத்தம் விஷம். குழந்தைகள் கூட உட்கார்ந்து செய்யும் வேலையில் அது வேண்டாம், போட்டோ ஒட்டும் பக்கத்திலும் வேண்டாம்.

போட்டோவுக்குப் பசையே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பழைய முறைப்படி நான்கு மூலைக்கும் தாளில் சிறு முக்கோணப் பை மடித்து, பையை மட்டும் பக்கத்தில் ஒட்டி, படத்தைச் செருகுங்கள். நாளைக்கு அம்மா அதை உருவி எடுத்து, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க முடியும். அவர் கட்டாயம் பார்ப்பார். செல்லோ டேப் சில ஆண்டுகளில் மஞ்சள் கறையை விட்டுவிட்டு உதிரும், ஸ்டேப்ளர் பின்னும் ஜெம் கிளிப்பும் கடற்கரை ஊர்களில் சீக்கிரமே துருப்பிடிக்கும். பசை தடவிய பக்கத்துக்கு மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய பழைய ஆல்பம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து படத்தை நகத்தால் நெம்பி எடுக்காதீர்கள். பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு, மெதுவாக அறுப்பதுபோல் இழுத்து வந்தால் பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். வர மறுத்தால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

புதுப் படங்களுக்கு இன்னொரு தொல்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரிண்ட் போட்டால் முகம் மாவாகத் தெரியும், அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. அனுப்புகிறவரிடம் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் தெளிவாக வர 1200க்கு 1800 பிக்சல் வேண்டும்.

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ். மூடியைத் தூக்கினால் நான்கு சுவரும் சாய்ந்து விரியும் பெட்டி. 30 செ.மீ. சதுரத் தாளை இரண்டு பக்கமும் 10, 20இல் அழுத்துக் கோடு போட்டு, நான்கு மூலைச் சதுரங்களை வெட்டி எடுத்தால் வெளிப்பெட்டி. உள்ளே 28.5 செ.மீ., 27 செ.மீ. தாள்களில் அதேபோல் இரண்டு அடுக்கு. மூடிக்கு 16.4 செ.மீ. தாள் எடுத்து ஓரத்தில் 3 செ.மீ. மடித்தால், நடுவில் 10.4 கிடைக்கும், இறுக்காமல் உட்காரும். செய்யச் சுவையான பொருள், காதலர்களுக்கும் நண்பர்களுக்கும் நன்றாகப் பொருந்தும். அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு நான் இதைச் சொல்வதில்லை. மடியில் வைத்துத் திறந்தால் எல்லாம் சரிந்துவிடும். படங்கள் சிறியவை. திரும்ப அடுக்கத் தெரியாமல், கெட்டுப்போகுமே என்று மூடி மேல் தட்டில் வைத்துவிடுவார். ஒரு தரம் திறந்து அதிசயப்படுவதற்காகச் செய்த பொருள் அது. அம்மாவுக்கு வேண்டியது, பிற்பகலில் தனியாக இருக்கும்போது எத்தனை தரம் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்று. விசிறி மடிப்பு ஆல்பம் அப்படிப்பட்டது. நீளத் தாளை முன்னும் பின்னுமாக மடித்து, இரு முனையிலும் அட்டை ஒட்டினால் வேலை முடிந்தது. டிவி மேசையில் விரித்து நிறுத்தியும் வைக்கலாம்.

தாள் பட்டைகளைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் பூக்களைப் பற்றிக் கேட்பார்கள். முகப்பு அட்டையில் ஒன்றிரண்டு வைக்கலாம். உள்பக்கத்தில் வைத்தால் மேடாக நின்று எதிர்ப்பக்கப் படத்தை அழுத்தும்.

எழுத்து விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. இணையத்தில் கிடைக்கும் தாய்ப்பாசக் கவிதையை அச்சடித்துக் கொண்டுவருகிறார்கள். அதில் அவர்களுடைய அம்மா ஒரு சொல்லில்கூட இல்லை. தியாகம், தெய்வம், நடமாடும் கோயில் என்று எழுதிய பக்கத்தை அம்மாக்கள் சிரித்துக்கொண்டே புரட்டிவிடுகிறார்கள். ‘ரேடியோவில் எட்டு மணிப் பாட்டு போட்டால் தோசைக் கரண்டியோடு ஹாலுக்கு வந்து நிற்பாய்’ என்று ஒரு மகன் எழுதிய பக்கத்தில் அவன் அம்மா நின்றுவிட்டார். கையெழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். நிறமி மை உள்ள பேனாவால், கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். ஜெல் பேனா விரல் ஈரத்தில் இழுவிவிடும். பெயர், ஊர், வருஷம் மூன்றையும் விடாதீர்கள். தெரியாத வருஷத்தை இட்டுக்கட்ட வேண்டாம், இடம் விட்டு வையுங்கள், அவரே நிரப்புவார்.

கடைசியாக முதுகு. படம் செருகிய பக்கம் தடிக்கும், ஆனால் தைத்த முதுகு தடிக்காது. அதனால்தான் வீட்டில் செய்த ஆல்பங்கள் வாய் பிளந்து நிற்கின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் முதுகுப் பக்கமாக 2 செ.மீ. அகல அட்டைத் துண்டு ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் இரண்டும் சமமாகிவிடும். நான் இப்போது பெரும்பாலும் தைப்பதே இல்லை. பழைய கணக்குப் பேரேடுகளில் இருக்குமே, கழற்றி மாட்டும் பித்தளைத் திருகு, அதைத்தான் போடுகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர் மாரிலென் கிறிஸ்டென்சன், 1980இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் வைத்துக் காட்டிய குடும்ப ஏடுகளும் இப்படி வளரக்கூடியவைதாம். வளைய ஃபைல்களில் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏடுகள் செய்திருந்தார். இன்றைய ஸ்கிராப்புக் மோகம் அங்கிருந்துதான் பரவியது என்பார்கள்.

திருகு போடுவதற்கு என் காரணம் வேறு. முடிந்துபோன புத்தகமாகக் கொடுத்தால் அம்மா அதற்கு வாசகி மட்டும்தான். ஒரு பெண் தன் அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு என்னிடம் ஆல்பம் செய்து வாங்கிப் போனாள். பின்பக்கம் வெற்றுத் தாள்கள் சில வைத்திருந்தேன். சில மாதம் கழித்து அந்த அம்மாவே வந்தார். ஆல்பத்தில் இரண்டு இடத்தில் வருஷத்தை அடித்துத் திருத்தியிருந்தார், ஒரு குரூப் போட்டோவில் விட்டுப்போன பெயர்களை எல்லாம் எழுதியிருந்தார், வெற்றுத் தாள்களும் தீர்ந்திருந்தன. கையில் ஒரு பழுப்பு உறை, உள்ளே பெண்ணுக்கே காட்டாமல் புடவை மடிப்பில் வைத்திருந்த படங்கள். நாலு தாள் தரட்டுமா என்று கேட்டேன்.

“எட்டாவே குடுங்கம்மா. என் தங்கச்சிகிட்ட இன்னும் இருக்கு, வாங்கிட்டு வரணும்.”