ஜோடி சேராத டயர்

ஓட்டுநர் மேல் தப்பில்லை, டயர் வெடித்தது, அதுவும் புது டயர். வண்டி உரிமையாளரின் எதிர்வாதம் இவ்வளவுதான். ஆதாரமாகக் கடை பில்லையும் தாக்கல் செய்திருந்தார்.

என் கட்சிக்காரர் கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் தள்ளுவண்டியில் காய்கறி விற்றவர். கோலார் மண்டியிலிருந்து தக்காளி ஏற்றி வந்த டாடா 407 இடப்பக்கம் இழுத்துக்கொண்டு வந்து மோதியதில் ஒரு கால் போயிற்று. கவனக்குறைவு நிரூபணமாகாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 140-ஆம் பிரிவுப்படி அன்று அவருக்குக் கிடைக்கக்கூடியது 25,000 ரூபாய். ஒரு காலுக்கு!

407-க்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். உரிமையாளர் செலவை மிச்சம் பிடிக்க டயர்களை இடம் மாற்றியிருந்தார். பின்னால் இருந்த நல்லது முன்னுக்குப் போயிற்று, முன்னால் தேய்ந்தது பின்னால் வெளிப்பக்கம் வந்தது, வாங்கிய புதுசு அதற்கு உள்ளே. கூண்டில் இதைப் பெருமையாகவே சொன்னார்.

விபத்துக்குப் பின் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிய பஞ்சர் கடைக்காரரைச் சாட்சியாக அழைத்தேன். 2001-இல் தங்கச் சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் வேலை பார்த்தவர்.

"உள்ள பட்டன் முழுசா இருந்துச்சுங்கய்யா, வெளிய மொட்டை. உசரமா இருக்கறதுதான் பாரம் தாங்கும். குட்டை சும்மா உரசிக்கிட்டு வரும்."

"புது டயர் எப்படிங்க வெடிக்கும்?" என்றார் காப்பீட்டு வக்கீல்.

"புதுசா இருந்ததாலதான் வெடிச்சுது."

மன்றத்தில் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை, பதிலை அப்படியே பதியச் சொன்னார். இந்த அளவு டயர்களில் ஜோடிக்குள் விட்டம் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்பது டயர்த் தொழிலில் உள்ள வழக்கம். பட்டன் தேய்வு ஒரு மில்லிமீட்டர் என்றால் விட்டத்தில் இரண்டு குறையும். இரண்டு டயர் சுமக்க வேண்டியதில் பெரும்பங்கு ஒன்றின் மேல் விழும். உள் டயருக்குக் காற்றோட்டமும் குறைவு, சூடு ஏறிக்கொண்டே போகும்.

மினு பி. மேத்தா வழக்கில் (1977) உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் வாதத்தில் எடுத்துவைத்தேன். வண்டிக் கோளாறு என்று தப்பிக்கப் பார்ப்பவர், உரிய கவனத்தோடு பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது என்று நிரூபிக்க வேண்டும். இங்கே மொட்டையாக இருந்தது வெளி டயர். குனிந்துகூடப் பார்த்திருக்க வேண்டாம்.

உரிமையாளர் கொடுத்த பில்லையே சுட்டிக்காட்டித் தீர்ப்பாயம் கவனக்குறைவு என்று முடிவு செய்தது. நானாகத் தேடியிருந்தால் அந்தக் காகிதம் என் கைக்கு வந்திருக்காது. இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியது.