திருப்பி அடிச்சியா?

நீங்களே சொல்லுங்க. ஒரு பையன் இன்னொருத்தனைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிடுகிறான். திட்டு வாங்கியவன் அவனை அடிக்கலாமா?

ஹ்யூஸ்மன், குவெரா என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த மாதிரி 20 கேள்விகள். 'ரொம்பத் தப்பு' முதல் 'தாராளமா செய்யலாம்' வரை நாலு பதில். ஒன்று முதல் நாலு வரை மார்க். பிள்ளை யாரையாவது அடித்ததா என்பதல்ல, அடிப்பதைச் சரி என்று நினைக்கிறதா என்பதுதான் கணக்கு. சிகாகோ பள்ளிகளில் பார்த்தபோது, சின்ன வயசில் கை முந்தியது, நினைப்பு பின்னால் வந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் நினைப்பே கையை நடத்த ஆரம்பித்தது.

நான் ராயபுரத்துக்காரன். குத்துச்சண்டைக்குப் பேர்போன ஏரியா. அந்த மேடையில்கூட மணி அடித்தால் கை இறங்கிவிடும்.

ஆறாவது படிக்கிற மகனிடம் கேட்டுப் பார்த்தேன்.

"சும்மா ஒருத்தனை அடிக்கலாமாடா?"

"ரொம்பத் தப்புப்பா."

"அவன் முதல்ல அடிச்சா?"

"தாராளமா அடிக்கலாம்."

"யார்றா சொன்னது?"

"நீதாம்ப்பா. அன்னிக்கு சட்டை கிழிஞ்சு வந்தேனே... வலிக்குதான்னு கேக்கல. திருப்பி அடிச்சியான்னுதானே கேட்டே?"

இன்றைக்கு ராத்திரி உங்க பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்க. மார்க்கை மட்டும் உங்க பேரில் போட்டுக்குங்க.