தூரத்தில் நின்ற தாய்

நோர்வேக்கு வடக்கேயுள்ள ஸ்வால்பாட் தீவுகளைக் கப்பலில் சுற்றிவரும் வாய்ப்பு மகனால் கிடைத்தது. ஜூலை மாதம், நள்ளிரவிலும் சூரியன் மறையவில்லை. ஒரு நாள் கரையோரப் பனியில் துருவக் கரடியொன்று குட்டியோடு நடப்பதைத் தொலைநோக்கியில் கண்டோம்.

"இன்னும் கிட்டப் போகலாமே!" என்றேன்.

"இல்லை உம்மா, 300 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது. 2025 முதல் அதுதான் சட்டம்" என்றான் மகன்.

எனக்குப் பெரும் ஏமாற்றம். அவ்வேளை தாய்க்கரடி நின்று எங்கள் பக்கம் மோப்பம் பிடித்தது. குட்டி அதன் பின்னால் ஒதுங்கியது. பயந்து ஓடினால் உடலிற் சேர்த்த கொழுப்பு கரையும், குட்டிக்குப் பாலும் குறையும் என்றார் வழிகாட்டி. பிள்ளை பெற்ற எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சற்று நேரத்தில் தாய் சாய்ந்து படுத்தது. குட்டி பால் குடித்தது. தூர நின்றதால் கிடைத்த காட்சி அது, சகோதரிகளே!