ஞாயிற்றுக்கிழமை பஸ்

ஞாயிற்றுக்கிழமையானால் காலை ஆறு மணிக்கு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நானும் என் மகளும் நிற்போம். அவள் பையில் ஸ்டட்ஸ், என் பையில் இட்லி. கடலூரில் இறங்கி மைதானத்துக்குப் போக வேண்டும். அவளுக்கு ஃபுட்பால் பயிற்சி.

இந்தப் பயணத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு வருடம் சண்டை நடந்தது.

2023 அக்டோபர் கடைசி. அப்போது அவள் ஏழாவது. மொபைலை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஆசியாவோட சிறந்த வீராங்கனை யாருன்னு சொல்லுங்கம்மா" என்றாள். தோஹாவில் நடந்த விழாவில் சாம் கெர்ருக்கு விருது. ஆசிய கால்பந்து கூட்டமைப்பு வழங்கும் விருது அது. 2017-லும் அவர்தான் வாங்கினாராம்.

"ஆஸ்திரேலியாக்காரிக்கு எப்படிடி ஆசிய விருது?"

"2006-லேர்ந்து ஆஸ்திரேலியா ஆசியாவோடதாம்மா ஆடுது. அவங்க அப்பா பொறந்தது நம்ம கொல்கத்தாவுலதான், தெரியுமா?"

விருது வாங்கியவர்களின் பட்டியலில் விரலை ஓட்டினாள். ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா என்று வந்தது. "நம்ம ஊரு பேரு ஒண்ணுகூட இல்லியேம்மா" என்றாள். பக்கத்தில் இருந்த அவள் அப்பா, "அதுக்குத்தான் சொல்றேன், டியூஷனுக்குப் போ. வெயில்ல ஓடிக் கறுத்துப்போனா யாரு கட்டிப்பா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

நானும் பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடியவள். ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டார்கள். அன்று என் அம்மாவும் வாயைத் திறக்கவில்லை.

2024-ல் இன்னொரு செய்தி வந்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் 2023-24-ம் ஆண்டுக்கான சிறந்த வீராங்கனை விருது இந்துமதி கதிரேசனுக்கு. ஊர், கடலூர்! 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்து தமிழ்நாடு முதன்முறையாக தேசிய சாம்பியன் ஆன அணியில் ஆடியவர். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் நின்று டியூட்டி பார்த்தவர்.

என் மகள் வீடு முழுக்கக் குதித்தாள். அவள் அப்பா செய்தியை இரண்டு முறை படித்துவிட்டு, "எஸ்.ஐ-யா?" என்றார். விருது அவரை அசைக்கவில்லை. வேலைதான் அசைத்தது. அடுத்த வாரமே ஸ்டட்ஸ் வாங்கி வந்தார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால், மைதானத்துக்குப் போன பிறகுதான் நானும் அவரைப்போலத்தான் என்று புரிந்தது. கடலூரில் பெண்பிள்ளைகள் பந்தாடுவது புதிதல்ல. சுனாமியில் குடும்பத்தை இழந்த பெண்பிள்ளைகளுக்குப் பந்தாடக் கற்றுக்கொடுத்தவர், பயிற்சியாளர் மாரியப்பன். அந்தப் பிள்ளைகள் விருதுக்காகவா ஓடியிருப்பார்கள்? நான்தான் கேலரியில் உட்கார்ந்து, 'இவளுக்கு என்ன கிடைக்கும்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டா, வேலையா?' என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு போட்டிக்கு அணி எடுத்தார்கள். பட்டியலில் என் மகள் பெயர் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியது, புதுச்சத்திரம் தாண்டியது. அவள் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"கஷ்டமா இருந்தா விட்டுடலாமாடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அடுத்த வாரம் அஞ்சரை பஸ்ஸைப் பிடிக்கலாம்மா. லேட்டா போனா பந்து கிடைக்க மாட்டேங்குது" என்றாள்.

அந்தப் பட்டியலில் நம்ம ஊர்ப் பெயர் என்றைக்கு வருமோ, யாருடையதாக வருமோ! இப்போது ஞாயிறுதோறும் நாலரைக்கு அலாரம் வைக்கிறேன். அன்றைக்கு இட்லி ஊற்றுவது அவள் அப்பா.