பேரிளம்பெண்ணுக்கு அப்புறம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு ஆவணியோடு 80 முடிந்துவிட்டதல்லவா? குடும்ப பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாக வரவேண்டும், வரவில்லை. அப்பாவின் பென்ஷன் புத்தகத்தில் அம்மா பிறந்த தேதியே இல்லையாம். அம்மாவைக் கேட்டால், "பார்த்திப வருஷம், ஆவணி, திருவோணம்" என்கிறாள். கம்ப்யூட்டருக்கு அது போதாதே! ஆதார், பான் நகல் வைத்து மனு கொடுத்திருக்கிறேன். நூறு வயது வரை இழுத்துப் பிடித்தால் பென்ஷன் இரட்டிப்பாகும் என்று சொன்னேன். "அதையும் பார்த்துவிடலாம்" என்கிறாள்.

வங்கியில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு நான் பொது வரிசையில் நின்றேன். காவலாளி வந்து, "நீங்களும் சீனியர் சிட்டிசன் வரிசைக்கே போங்கம்மா" என்றார். கேட்காமலே கண்டுபிடித்துவிட்டாரே என்று எரிச்சல்தான். 2007-ம் வருஷச் சட்டப்படி 60 ஆனால் மூத்த குடிமக்கள்; அம்மாவும் மகளும் ஒரே வகுப்பு. வருமான வரிக்காரர்கள் தேவலை, 80 ஆனவர்களை 'மிக மூத்த குடிமக்கள்' என்று தனியே பிரித்திருக்கிறார்கள்.

பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தே ரிட்டயர் ஆனவள் நான். ஐந்து வயதில் தொடங்கும் கணக்கு நாற்பதோடு முடிந்துவிடும். உலா பாடிய புலவர்களுக்கு, வீதியில் பவனி வரும் தலைவனைப் பார்த்து மயங்கப் பெண்கள் வேண்டும், அவ்வளவுதான். 41 வயதுக்காரி என்ன ஆனாள் என்று அவர்கள் ஏன் கவலைப்படப் போகிறார்கள்? குழந்தைக்கு மட்டும் செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம் பிரித்துப் பிள்ளைத்தமிழ் பாடினார்கள்.

ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. சுதந்திரம் வந்த சமயத்தில்கூட நாட்டில் சராசரி ஆயுள் 32-தான். பெரியவர்கள் எல்லோரும் 32-ல் போய்விட்டார்கள் என்று அர்த்தமில்லை. கைக்குழந்தைச் சாவுதான் கணக்கை அப்படிக் கீழே இழுத்தது. நம் அப்பத்தா பெற்ற ஒன்பதில் தங்கியது நாலு. பெரியம்மை ஒழிந்தது, தடுப்பூசி வந்தது, பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது. இன்று சராசரி 70-ஐ ஒட்டி நிற்கிறது.

நம் தெருவில் முக்கால்வாசி வீட்டில் அறுபதுதான் எண்பதைப் பார்த்துக்கொள்கிறது. அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பிக் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் திரும்புவதற்குள் எனக்கு முட்டி விண்விண் என்கிறது. பார்த்துக்கொள்கிறவளையும் பார்த்துக்கொள்ளப்படுகிறவளையும் 'முதியோர்' என்று ஒரே பட்டியலில் எழுதிவிட்டால் இந்த வேலை யார் கண்ணிலும் படாது. எங்கள் இரண்டு பருவத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

பெயர் வரும்போது வரட்டும். எனக்குக் கண்புரை ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போகிறது. மார்கழி லீவுக்கு நீயும் உன் வீட்டுக்காரியும் வந்து அம்மாவோடு இருங்கள், அதற்குள் முடித்துக்கொள்கிறேன். டிக்கெட் போட்டதும் போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா