சாயங்காலம் வந்து இவரைப் பாருங்கள்

திங்கள், இரவு

ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லையாம். சர்க்கரை, தைராய்டு, பொட்டாசியம், தசை சிதைந்தால் ஏறுகிற சி.கே. எல்லாம் சரி. "ரிட்டையர் ஆயிட்டாரு, அசதி இருக்கத்தான் செய்யும்" என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலை பத்து மணிக்குப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்நேரம் இவர் படியேறுகிறார், கணீரென்று பேசுகிறார். ராத்திரி எட்டு மணிக்கு இவரைப் பார்ப்பது நான் ஒருத்திதான். அதனால் மணி போட்டு எழுதி வைக்கப்போகிறேன்.

செவ்வாய்

மாலை 6.30. வழக்கம்போல எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினார். முதல் பத்தி, வகுப்பில் பாடம் எடுத்த அதே குரல். மூன்றாவது பத்தியில் சொற்கள் மூக்கு வழியாக வர ஆரம்பித்தன, அப்புறம் குழறல். பேப்பரை மடித்துவிட்டார். அரைமணி நேரம் பேசாமல் இருந்ததும் குரல் திரும்பிவிட்டது.

8.15. சப்பாத்தி பாதி போனதும் இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மென்றார்.

"என்னங்க, வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லம்மா. வாய் அசைய மாட்டேங்குது."

வலித்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வியாழன்

இடது இமை பாதிக் கண்ணை மூடிவிட்டது. தெருவிளக்கு இரண்டாகத் தெரிகிறதாம். கீழ்வீட்டு அக்கா பக்கவாதமோ என்று பதறினார். நாத்தனார் நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம் சொன்னார். நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். விடிந்ததும் இன்னொன்று எடுத்தேன். இமை நேராக நிற்கிறது. அசதி என்றால் இமை மட்டுமா தொங்கும்?

சனி

நரம்பியல் டாக்டர் என் நோட்டை முழுக்கப் படித்தார். இவரை மேலேயே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இமை சரிந்தது. கையுறையில் ஐஸ் போட்டு, மூடிய கண்மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது இமை ஏறியிருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

மயஸ்தீனியா கிரேவிஸாக இருக்கலாம் என்கிறார். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். அதை வாங்கிக்கொள்ள தசையில் உள்ள ஏற்பிகளை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அடைத்துவிடுகிறதாம். தசையை ஓயாமல் வேலை வாங்கினால் சோர்ந்துவிடும், ஓய்வு கொடுத்தால் தேறும். இனி எதிர்ப்பொருள் பரிசோதனை. தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன்.

ஞாயிறு

அமிதாப் பச்சனுக்கு 1984-இல் வந்தது இதுதான் என்றேன். "அதுக்கப்புறம் எத்தனை படம் நடிச்சுட்டாரு!" என்றார் இவர். முகத்தில் கொஞ்சம் தெம்பு. இந்த நோயின் மருந்துக்கும் ஒரு கதை உண்டு. இந்த நோயாளிகளின் நிலை, தசைகளை முடக்கும் க்யூராரே விஷம் ஏறினாற்போல இருக்கிறதே என்று யோசித்து, 1934-இல் அந்த விஷத்தின் முறிமருந்தையே ஊசியாகப் போட்டுப் பார்த்தவர் இங்கிலாந்தில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர். இன்று தருகிற பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் அந்த வழியில் வந்ததுதான். அந்த அம்மாவுக்கு மனசார நன்றி சொன்னேன்.

முடிவு வரும்வரை செய்ய வேண்டியது இதுதான்: விழுங்கும்போது புரையேறினாலோ, மல்லாந்து படுக்க மூச்சு முட்டினாலோ விடியட்டும் என்று காத்திராமல் கிளம்ப வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் பலவீனத்தைக் கூட்டிவிடும். மருந்துக்கடைத் தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தேன்: "சாருக்குக் காய்ச்சல்னு யார் வந்து கேட்டாலும் மாத்திரை கொடுக்காதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க."